வீட்டில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய டியூனர் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது, அதில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவைக்க வேண்டும், எந்த டியூனர் கார்டு (டிவி சிக்னலைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் கார்டு) வாங்கலாம் என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் பல வருடங்களாகக் கேட்டுவருகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில் எந்தக் கார்டு வாங்குவது என்று சொல்லுங்களேன்?

கார்டைப் பிறகு பார்ப்போம். உங்கள் வீட்டுக்குள் பூட்டில்லாமல் வரும் சிக்னல் எது? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் கார்டு வாங்கி வந்து, "சேனல் ஒன்றும் வரவில்லை" என்று அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர்.

கேபிளாக இருந்தாலும், மாதக் கட்டண டிடிஎச் ஆக இருந்தாலும், வரும் சிக்னல் பூட்டப்பட்டது. பூட்டைத் திறப்பது அந்த நிறுவனம் கொடுத்த செட்-டாப் பாக்ஸும் அதோடு இணைக்கப்பட்ட கார்டும்தான். நீங்கள் வாங்கும் டியூனர் கார்டு சிக்னலைப் பிடிக்கும், சேனல் பெயர்களைக்கூடப் பட்டியலிடும், ஆனால் படம் வராது.

நம் ஊரில் பூட்டில்லாமல், மாதக் கட்டணமும் இல்லாமல் வருவது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது கிழக்கு 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டியூனர் கார்டு வாங்குவது இதற்காக என்றால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் உண்டு.

அதில் தமிழில் பதிவு செய்யத் தகுந்ததாக என்ன இருக்கிறது?

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவது சன் டிவி, விஜய் டிவி சீரியல் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் தமிழ் சேனல்கள் மிகக் குறைவு. தனியார் சேனல்கள் ஏலத்தில்தான் இடம் பிடிக்கின்றன என்பதால் பட்டியலும் அவ்வப்போது மாறும்.

ஆனால் டிடி தமிழ் இருக்கிறது. பொதிகை என்றே பலருக்கும் இன்னும் வாயில் வரும், 2024 ஜனவரியில்தான் பெயர் மாறியது. கச்சேரிகள், கிராமியக் கலைகள், பேட்டிகள் என்று மறுபடி எங்கும் கிடைக்காத பல விஷயங்கள் அதில் ஒரே ஒருமுறை வந்து போய்விடும். அப்புறம் ஆகாஷ்வாணியின் வானொலி சேனல்களும் இதே டிஷ்ஷில் வருகின்றன. பதிவுக் கணினி வைத்திருப்பவர்கள் பலருக்கே இது தெரியாது. மழைக்கால இரவில் மீடியம் வேவில் இரைச்சலோடு கேட்ட நிலைய இசையை இதில் துல்லியமாகப் பிடிக்கலாம், ஃபைலும் சின்னது.

படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஸ்வயம் பிரபா சேனல்களைப் பாருங்கள். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் அதே செயற்கைக்கோளில், அதே டிஷ்ஷில் இலவசமாக வருகின்றன. இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில், ராத்திரி பதிவு செய்து காலையில் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நான் இந்த வேலையில் இறங்கியது அம்மாவுக்காக. ஒவ்வொரு வருடமும் திருவையாறு தியாகராஜர் ஆராதனையின் நேரடி ஒளிபரப்பை அவர் காலையிலேயே குளித்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு வருடம் மருத்துவமனையில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. அடுத்த வருடத்துக்குள் கார்டு வாங்கிப் போட்டுவிட்டேன்.

சரி, இப்போது கார்டு. டிவிபி-எஸ், எஸ்2, டி, டி2, சி என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே?

டிவிபி என்பது டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு முறையின் பெயர். எஸ் என்றால் செயற்கைக்கோள், டி என்றால் தரைவழி, சி என்றால் கேபிள். பின்னால் 2 இருந்தால் இரண்டாம் தலைமுறை.

உங்களுக்கு வேண்டியது டிவிபி-எஸ்2. பழைய எஸ் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஃப்ரீ டிஷ்ஷின் எம்பெக்-2 (படத்தைச் சுருக்கும் பழைய முறை) சேனல்கள் அதில் வரும், எஸ்2 முறையில் அனுப்பப்படும் எம்பெக்-4 (புதிய சுருக்க முறை) சேனல்கள் வராது. எஸ்2 கார்டு இரண்டையும் பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வரச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டன் கடைகளில் எளிதாகக் கிடைப்பது தரைவழி கார்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிடைப்பது ஏடிஎஸ்சி, அது முற்றிலும் வேறு முறை. எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு டியூனர் உள்ள அருமையான கார்டு ஒன்றை டொரண்டோவிலிருந்து வரவழைத்தார். இங்கே அது எந்தச் சிக்னலையும் பிடிக்கவில்லை.

குறிப்பாக எந்த மாடல்?

இரண்டு பெயர் சொல்கிறேன். டிபிஎஸ் 6902, இரண்டு டியூனர் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. சீன நிறுவனத் தயாரிப்பு, உறுதியானது. அதன் லினக்ஸ் டிரைவரை நிறுவனத்தின் மூலநிரலிலிருந்து நீங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடியும் கட்ட வேண்டும். இதில் கை பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, ஜெர்மனியின் டிஜிட்டல் டிவைசஸ் நிறுவனத்தின் சினி எஸ்2. இதற்கும் இரண்டு டியூனர். விலை அதிகம், ஆனால் டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மாட்டிவிட்டு மறந்துவிடலாம். விண்டோஸ் மட்டும்தான் என்றால் இந்த வேறுபாடு உங்களைப் பாதிக்காது. பிடிஏ (விண்டோஸில் டிவி டியூனர்களுக்கான முறை) டிரைவர் இருக்கிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ், யூஎஸ்பி. எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பிசிஐ கார்டுகள். இன்றைய மதர்போர்டில் அந்த ஸ்லாட்டே இருக்காது. கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கார்டு, சின்ன ஸ்லாட்டில் மட்டுமல்ல, காலியாக இருக்கும் நீளமான ஸ்லாட்டிலும் உட்காரும். அலுவலகங்களில் கழித்துவிடும் ஒல்லியான டெஸ்க்டாப்பாக இருந்தால், குட்டையான பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், மின்சாரம். மொட்டை மாடியில் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு கரண்ட் போவது இந்தக் கார்டிலிருந்து, அதே வயர் வழியாகத்தான். ஆகவே சில கார்டுகளில் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு கொடுக்க ஓர் இடம் இருக்கும். அதை விட்டுவிட்டு, கார்டு பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. செயற்கைக்கோளுக்கான யூஎஸ்பி டியூனர்களோடு தனி அடாப்டர் வருவதும் இதனால்தான். லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டுமென்றால் யூஎஸ்பி சரி. இரவும் பகலும் ஓடும் கணினிக்கு உள்ளே மாட்டும் கார்டையே நான் சொல்வேன். யூஎஸ்பி வயர் கால் பட்டு அசைந்தால் அன்றைய பதிவு போச்சு.

எத்தனை டியூனர் வேண்டும்? ஒரே நேரத்தில் நாலு சேனல் பதிவு செய்ய நாலு டியூனரா?

வேண்டாம். அதிகப் பணம் வீணாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோளில் சேனல்கள் தனித்தனியாக வருவதில்லை. செயற்கைக்கோளில் உள்ள அனுப்பும் கருவியான ஒரு டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் கட்டாக வருகின்றன. ஃப்ரீ டிஷ்ஷில் சிம்பல் ரேட் (சிக்னல் வரும் வேகம்) 29500 என்று போடுகிறோமே, அப்படி ஒரு டிரான்ஸ்பாண்டரில் நொடிக்கு ஏறக்குறைய 40 மெகாபிட் இறங்குகிறது. டியூனர் பிடிப்பது அந்த முழுக் கட்டையும். அதற்குள் இருக்கும் எத்தனை சேனலை வேண்டுமானாலும் ஒரே டியூனரால் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள் இதைத் தானாகவே செய்துகொள்கிறது.

ஆக, எத்தனை டிரான்ஸ்பாண்டர் ஒரே நேரத்தில் வேண்டுமோ அத்தனை டியூனர். சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு தாராளம். ஒன்று பதிவுக்கு, இன்னொன்று அந்த நேரத்தில் வேறு யாராவது டிவி பார்க்க.

இரண்டு டியூனருக்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு வயர் இழுக்க வேண்டுமா?

பொதுவாக ஆமாம். எல்என்பிக்கு 13 வோல்ட் போனால் வெர்டிக்கல் (செங்குத்து) அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் போனால் ஹாரிசாண்டல் (கிடைமட்ட) அலைகளை. அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் தொனி போனால் 11700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பட்டைக்கு மாறும். இரண்டு டியூனரும் ஒரே வயரில் வேறு வேறு கட்டளை கொடுத்தால் சண்டைதான். அதற்காகத்தான் இரட்டை எல்என்பி.

ஆனால் ஃப்ரீ டிஷ் மட்டும் என்றால் ஒரு வசதி. அதன் டிரான்ஸ்பாண்டர்கள் கீழ்ப்பட்டையில், வெர்டிக்கலில் வருகின்றன. இரண்டு டியூனரும் ஒரே கட்டளைதான் கொடுக்கும். அதனால் ஒரு வயரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தே ஓட்டலாம். ஸ்ப்ளிட்டர் மட்டும் செயற்கைக்கோளுக்கானதாக, 2300 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்துவதாக, மின்சாரத்தையும் கடத்துவதாக இருக்க வேண்டும். கேபிள்காரர்கள் வைக்கும் 1000 மெகாஹெர்ட்ஸ் ஸ்ப்ளிட்டர் வேலைக்கு ஆகாது.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

தென்கிழக்கு. சென்னையிலும் சரி, மதுரையிலும் சரி, செயற்கைக்கோள் சுமார் 68 பாகை உயரத்தில் இருக்கிறது. மதுரையில் கொஞ்சம் கிழக்கு கூடுதலாகத் திரும்ப வேண்டும். வளைந்த தட்டைப் பார்த்தால் அவ்வளவு உயரத்தைப் பார்ப்பதுபோலத் தெரியாது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை டிஷ் என்பதால் அப்படி. கண்ணை நம்பாமல் சிக்னல் அளவைப் பார்த்துத் திருப்புங்கள். உயரம் அதிகம் என்பது நமக்கு நல்லதுதான், பக்கத்து வீட்டு மாடியும் தென்னை மரமும் அவ்வளவாகக் குறுக்கே வராது.

எல்லாம் சரியாக மாட்டியும் சிக்னல் பூஜ்யம் காட்டுகிறது. கார்டு பழுதா?

பத்தில் எட்டுத் தடவை வயர் முனையில் திருகும் எஃப் கனெக்டர்தான் காரணம் என்பது என் அனுபவம்.

அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி ஒன்று, சுற்றிலும் வெள்ளை இன்சுலேஷன், அதற்கு வெளியே முடிபோல மெல்லிய சல்லடைக் கம்பிகள். அந்தக் கம்பிகளில் ஒன்றே ஒன்று வெள்ளையைத் தாண்டி உள்ளே வளைந்து நடுக்கம்பியைத் தொட்டிருந்தால் போதும். எல்என்பிக்குப் போக வேண்டிய மின்சாரம் ஷார்ட் ஆகும். நல்ல கார்டு தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிடும், திரையில் பூஜ்யம். எனக்கு இது நடந்து, இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஊசியால் ஒரு கம்பியை நிமிர்த்தியதும் படம் வந்தது.

நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்கட்டும். வயர் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். மாடியில் இருக்கும் முனையில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் உறை போடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மழையில் பதிவு கட்டம் கட்டமாக உடைகிறதே?

இந்த டிஷ் பிடிக்கும் கேயூ பேண்ட் அலைவரிசையின் குணம் அது. கனமழையில் சிக்னல் போகும், எந்தக் கார்டாலும் தடுக்க முடியாது. ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வித்தியாசம் தெரியும். விலை உயர்ந்த கார்டுக்குச் செலவிடும் பணத்தைப் பெரிய டிஷ்ஷுக்குச் செலவிடுங்கள். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் சிக்னல் மங்கினால் பயப்பட வேண்டாம், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது.

கணினி எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்?

வேகம் தேவையே இல்லை. வருவது ஏற்கனவே சுருக்கப்பட்ட டிஜிட்டல் சிக்னல். கணினி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வயதான டெஸ்க்டாப்பே போதும்.

இடம்தான் வேண்டும். சாதாரணத் தரச் சேனல் நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 1.35 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் 700 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எச்டி சேனல் 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. சிசிடிவி பதிவுக்கென்றே விற்கும் ஹார்ட் டிஸ்க்குகள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

மறக்காமல் ஒரு யூபிஎஸ் வையுங்கள். பயாஸில், கரண்ட் திரும்ப வந்ததும் கணினி தானாக ஆன் ஆகும் அமைப்பையும் போட்டுவையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாளில்தான் கரண்ட் போகும்.

மென்பொருள்?

லினக்ஸ் என்றால் டிவிஹெட்எண்ட், டிவியில் பார்க்க கோடி (Kodi) என்ற மென்பொருள். விண்டோஸ் என்றால் நெக்ஸ்ட்பிவிஆர், இலவசம். விண்டோஸ் மீடியா சென்டரை இன்னும் தேடுகிறவர்களுக்கு: விண்டோஸ் 10 வந்தபோதே அது நீக்கப்பட்டுவிட்டது, அதற்காகப் பழைய விண்டோஸில் தங்க வேண்டாம்.

பதிவு நேரத்தை மட்டும் நிகழ்ச்சி அட்டவணையை நம்பிப் போடாதீர்கள். முன்னால் 5 நிமிடம், பின்னால் குறைந்தது 20 நிமிடம் கூட்டிப் போடுங்கள். முதல் வருடம் ஆராதனையை அறிவித்த நேரத்துக்கே போட்டுவைத்தேன். நேரடி ஒளிபரப்பு தாமதமாகத் தொடங்கியது. பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி நான்கும் வந்தன. ஸ்ரீ ராகக் கீர்த்தனையில் அத்தனை பேரும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது ஃபைல் முடிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மீதியைத் தானே மெல்லப் பாடி முடித்தார். அதற்குப் பிறகு நேரடி ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம் கூட்டிப் போடுகிறேன். டிஸ்க்கில் இடம் மலிவு.

என்னிடம் கட்டண டிடிஎச் இருக்கிறது. அதைப் பதிவு செய்யவே முடியாதா?

பாக்ஸுக்கு அப்பால் செய்யலாம். பல செட்-டாப் பாக்ஸ்களில் ஏவி அவுட் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து யூஎஸ்பி கேப்சர் சாதனம் ஒன்றுக்குக் கொடுத்தால் 720க்கு 576 அளவில் பதிவாகும். எச்டிஎம்ஐ வழியாக முயன்றால் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு காரணமாகக் கறுப்புத் திரைதான் கிடைக்கும். சேனலை மாற்றவும் பாக்ஸைத்தான் நாட வேண்டும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான். கேப்சர் சாதனம் வாங்கும்போது உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைக் கேளுங்கள். ஈஸிகேப் என்ற ஒரே பெயரில் நாலைந்து விதமான சிப் வருகிறது, ஒன்றுக்கான டிரைவர் இன்னொன்றுக்கு உதவாது.

ஒன்றிரண்டு சீரியல்தான் வேண்டும் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம். பதிவு வசதியுள்ள பாக்ஸை அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பதிவானது பொதுவாக அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடும், அதைத் தெரிந்து வாங்குங்கள்.

2005 வாக்கில் வாங்கிய டியூனர் கார்டு ஒன்று இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அதன் அனலாக் டியூனருக்கு வேலை போய்விட்டது உண்மைதான். 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி நான்கு கட்டமாகக் கேபிள் டிஜிட்டலானபோது, வயரை நேராகக் குத்திப் படம் பார்த்த காலம் முடிந்தது. ஆனால் அந்தக் கார்டின் பின்புறம் மஞ்சள் நிற வீடியோ இன்புட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் பழைய விசிஆரை அதில் மாட்டி, கல்யாணக் கேசட்டையும் காதுகுத்துக் கேசட்டையும் கணினிக்கு மாற்றலாம். பிடி878, எஸ்ஏஏ7134 சிப் உள்ள கார்டுகள் லினக்ஸில் இன்றும் ஓடுகின்றன. நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்யுங்கள்.

இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா?

நம் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு செய்பவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை மீறலாகக் கருதவில்லை. வீட்டில் வைத்துப் பாருங்கள். யூடியூபில் ஏற்றுவதும், பென்டிரைவில் போட்டு விற்பதும் இதில் அடங்காது.

பதிவான டிஎஸ் ஃபைல்களை எம்பி4 ஆக மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மறுபடி சுருக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் குறையும். முன்னும் பின்னும் உள்ள விளம்பரத்தை மட்டும், மறுசுருக்கம் இல்லாமல் வெட்டித் தரும் அவிடிமக்ஸ் போன்ற மென்பொருளில் வெட்டுங்கள். ஃபைல் பெயரில் தேதி, சேனல், பாடியவர் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் எழுதாமல் விட்ட கச்சேரிகளில் யார் பாடியது என்று இன்றும் அம்மாவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் சொல்லிவிட்டார்.